காதை இறக்கி வைக்க ஒரு நேரம்: வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். பின்சந்தில் நாலு விசைத்தறி ஓடுகிறது. காலையில் ஆரம்பிக்கும் தடதட சத்தம் கரண்ட் போனால்தான் நிற்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் எனக்குக் கேட்டுவிடும். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன என் மாமியார் வலது கையால் தட்டுகிற டம்ளர் அது. குக்கர் விசில் அடிக்கும்போதும் கேட்கும். மாடியில் துணி காயப்போடும்போதும் கேட்கும். அவர் தட்டாதபோதும் கேட்கும்.

நாலு வருடமாக அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் 20 வருடம் ப்ளவுஸ் தைத்தவள். இரண்டாவது வருடக் கடைசியில் எனக்கு இருமல் விடாமல் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு போடுகிற இடத்தில் பெயரும் வயதும் கேட்டார்கள். அத்தையின் பெயரையும் 78 என்ற வயதையும் சொல்லிவிட்டேன். சீட்டு எழுதிய பெண் நிமிர்ந்து பார்த்து, "பேஷன்ட் எங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு செய்ய ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றவர்களையோ, கணவரையோ, நடமாட முடியாத குழந்தையையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு, "நான் யாரு, எனக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டால் தடுமாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. எல்லாரும் முதலில் சொல்வது, "ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வா" என்பதுதான். என்னையும் அனுப்பினார்கள். ஏற்காடு. அடிவாரம் தாண்டி மலையேறினால் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்கத் தெரியும். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அம்மாப்பேட்டை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையின் துணியை மாற்றியபோதுதான் மூச்சு சீரானது. உடம்பு மலையேறியது, காது கட்டிலருகிலேயே இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் வெளியே போவதால் இது தீராது. வாராவாரம், பிசகாமல், காதை இறக்கி வைக்க ஒரு நேரம் வேண்டும். பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள், தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை இறக்கவும் ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரத்தில். அப்படி ஒரு கல்லை வீட்டுக்குள் நடுவதற்கான வழிதான் கீழே வருவது.

முதல் படி: ஏழு நாள் நோட்டு

ஒரு 40 பக்க நோட்டு எடுங்கள். பக்கத்துக்கு மூன்று பத்தி: நேரம், செய்த வேலை, காது. முதல் இரண்டும் புரியும். மூன்றாவதில், அந்த நேரத்தில் உங்கள் காது அவர்மேல் இருந்ததா என்று மட்டும் குறியுங்கள். இருந்தால் ஒரு டிக். இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

என் நோட்டில் ஏழு நாளில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்து அத்தையோடு சீரியல் பார்த்த 20 நிமிடம்.

இன்னொன்றும் தெரிந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, மாத்திரை, கைகால் பயிற்சி எல்லாம் கூட்டினால் கைவேலை ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம் வந்தது. மீதி நேரமெல்லாம் காவல். வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்குக் கைவேலை மட்டும்தான் தெரிகிறது. அதனால்தான் "மத்தியானம் சும்மாதானே இருந்த, படுத்துருக்கலாமே" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காவலை அவர்கள் பார்த்ததே இல்லை. இந்த நோட்டு பின்னால் குடும்பத்தில் பேசும்போது வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

இரண்டாம் படி: உடம்பைக் காப்பாற்றுங்கள்

இடுப்பு வலியோடும் தூக்கமில்லாமலும் "நான் யார்" என்று யோசிக்க முடியாது. அதனால் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

கட்டில் தாழ்வாக இருந்தால் நாள் முழுக்கக் குனிய வேண்டும். தச்சரிடம் சொல்லி, கட்டில் கால் உட்காரும்படி நடுவில் குழி செதுக்கிய நாலு மரக்கட்டை வாங்கினேன். கட்டில் அரையடி உயர்ந்தது. ஆனால் தானாக எழுந்து நடக்கிறவர் என்றால் இதைச் செய்யாதீர்கள், இறங்கும்போது விழுந்துவிடுவார்.

புரட்டும்போது கையையும் தோளையும் பிடித்து இழுக்க வேண்டாம். பழைய பருத்திப் புடவை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் குறுக்கே விரித்து வையுங்கள். அந்தத் துணியைப் பிடித்துச் சாய்த்தால் அவர் தோலும் உராயாது, உங்கள் முதுகும் பிழைக்கும். நீங்கள் முழங்காலை மடக்கி, கட்டிலை ஒட்டி நிற்க வேண்டும்.

படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்வார்கள். ஏர் பெட் வாங்கினால் அழுத்தம் குறையும், அதற்காகப் புரட்டுவதை விட்டுவிடக் கூடாது. ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்பதை அவரவர் தோலைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேளுங்கள். கேட்காமலேயே பல வருடம் தூக்கத்தைத் தொலைக்கிறோம். அதேபோல, "இத்தனை வேளை மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா?" என்றும் கேளுங்கள். எங்களுக்கு ஐந்து வேளை மூன்று வேளையானது. இரண்டு அலாரம் என் வாழ்க்கையிலிருந்து போனது.

கடைசியாக, ரிமோட் காலிங் பெல். பட்டன் அத்தையின் தலையணைப் பக்கம், பெல் எந்த அறையின் ப்ளக்கில் சொருகுகிறோமோ அங்கே அடிக்கும். சாதாரணப் பொருள்தான், ஆனால் எங்கள் வீட்டில் பெரிய வேலை செய்தது. பெல் யார் தலைமாட்டில் இருக்கிறதோ, அன்றைக்கு அவர்தான் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி அதைக் கழற்றி முன்னறையில், என் வீட்டுக்காரர் படுக்கிற இடத்தில் சொருகிவிடுகிறேன்.

மூன்றாம் படி: ஒப்படைப்பு நோட்டு

இந்தப் படியில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறோம். "என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அதனால் நான் நகர முடியாது" என்று நாமே சொல்கிறோம். அது உண்மையும்கூட. அத்தை எந்த முகம் சுளித்தால் வயிறு வலி, எந்த முகம் சுளித்தால் ஈரம் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுதி வைக்காதவரைக்கும் நானே எனக்குப் போட்ட பூட்டு அது.

இரண்டாவது நோட்டு எடுங்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நாலே நாலு விதி. மீறக் கூடாதவை மட்டும். எங்கள் நோட்டில் இருப்பது இது:

படுத்தபடி எதுவும் ஊட்டக் கூடாது, தண்ணீர்கூட. நன்றாகச் சாய்த்து உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் அப்படியே உட்காரணும். (பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசை தளர்ந்திருக்கலாம். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளி கட்டிவிடும்.)

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டணும். அப்போது குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் மூன்றையும் பார்க்கணும். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் எனக்குச் சொல்லணும்.

மாத்திரை டப்பாவில் அன்றைய கட்டத்தில் இருப்பது மட்டும். சந்தேகமாக இருந்தால் கொடுக்காமல் போன் செய்யணும்.

திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடணும். (ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளணும்.)

அடுத்த பக்கங்களில் நீல மையில் மற்றதெல்லாம். இட்லி என்றால் சாம்பாரில் ஊற வைத்துப் பிசைய வேண்டும். போர்வையைக் காலுக்குக் கீழே சொருகினால் பிடிக்காது. டம்ளர் ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் ஆள் வேண்டும், தொடர்ந்து தட்டினால் பயமாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நாளும் அதை "சும்மா தட்டுறாங்க" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதினால் மட்டும் போதாது, பழக்க வேண்டும். முதல் முறை அவர் பார்க்கட்டும். இரண்டாம் முறை இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் முறை அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், கூப்பிட்டாலும் வாயால் மட்டும் சொல்லுங்கள். நாலாம் முறை வெளியே போய்விடுங்கள். என் வீட்டுக்காரர் மூன்றாம் முறையில், "நீயே வந்து ஒருக்கா பாரேன்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். போகவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

நீல மையில் இருப்பதை அவர்கள் வேறு மாதிரி செய்வார்கள். தலைவாரல் கோணலாக இருக்கும், போர்வை மடிப்பு சரியிருக்காது. வாயைத் திறக்காதீர்கள். சிவப்பு மை நாலும் சரியாக இருந்தால் அந்த வேலை சரியாக நடந்தது. போர்வைக்காக ஒருமுறை கோபித்தால், அடுத்த வாரம் ஒருவரும் வர மாட்டார்கள்.

நாலாம் படி: உதவி கேட்காதீர்கள், முறை கேளுங்கள்

குடும்பத்தில் பேச நான் முதலில் தேர்ந்தெடுத்தது ஒரு தீபாவளி ராத்திரி. அழுதுகொண்டே பேசினேன். நாத்தனார் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார், கொழுந்தன் எழுந்து போய்விட்டார். நாள் கிழமையில், களைப்பில், கோபத்தில் பேசக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்குப் பிறகு, ஏழு நாள் நோட்டை நடுவில் வைத்துப் பேசினேன். ஆத்தூரில் இருக்கிற நாத்தனார், "வேணும்னா கூப்பிடு, வந்துர்றேன்னு நான் எப்பவும் சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

"கூப்பிட்டா வர்றது வேற அண்ணி. புதன்கிழமை உங்களோடதுங்கறது வேற. கூப்பிடணும்னா அதுக்கும் நான்தான் யோசிக்கணும், நான்தான் தயங்கணும்."

அவர் நோட்டைப் புரட்டினார். அந்த டிக் பத்தியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "புதன்கிழமை எனக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை வந்தவர் மடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். உதவி என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது, முறை என்பது கிழமையைப் பொறுத்தது. ஆகவே கேட்கும்போது கிழமை, மணி, என்ன பொறுப்பு என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

வர முடியாதவரிடமும் ஒரு முறை கேளுங்கள். கொழுந்தன் பெங்களூரில். மாத்திரை, டயப்பர், ஏர் பெட் ரிப்பேர் எல்லாம் ஆர்டர் போடுவது, பணம் கட்டுவது, தீர்ந்துபோகும் முன் நினைவு வைப்பது முழுக்க அவர் பொறுப்பு. பணத்தைவிட அந்த நினைவு வைப்பதுதான் எனக்குப் பெரிய விடுதலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரும் ஓரகத்தியும் வந்து நாலு நாள் இருக்கிறார்கள்.

வீட்டு ஆண்களிடம் பேசும்போது ஒரு கணக்கு உதவும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். எண்ணாகச் சொன்னபோது அவருக்கு உறைத்ததுபோல, அதற்கு முன் எத்தனை தடவை சொல்லியும் உறைக்கவில்லை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும், யாரையும் மிரட்டுவதற்காக இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. "இதெல்லாம் மருமக கடமை" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது உங்கள் மனசுக்குள் இது இருக்கட்டும். நான் அத்தையைப் பார்த்துக்கொள்வது அவர்மேல் இருக்கிற பிரியத்தால். பிரியத்தால் செய்கிறேன் என்று தெரிந்த பிறகு, செய்கிற கை லேசானது.

கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத வீடு, வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள் இருக்கிற வீடு நிறைய உண்டு. அங்கே முறையை வெளியில் தேட வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு வாரம் ஒரு மத்தியானம் பணம் கொடுத்து உட்காரச் சொல்வதில் தவறே இல்லை. தெரிந்தவர் என்பதற்காக இலவசமாகக் கேட்டால் மூன்றாம் வாரம் நின்றுவிடும்.

ஐந்தாம் படி: பை எடுக்காமல் கிளம்புங்கள்

என் நேரம் புதன் 11 மணி முதல் 3 மணி வரை. முதல் புதன், மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உழவர் சந்தைக்குப் போய்த் தக்காளி, கீரை, அத்தைக்குப் பப்பாளி வாங்கி, 50 நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாத்தனார் ஆச்சரியப்பட்டார். அன்று முதல் ஒரே விதி: பை கிடையாது. கையில் பை இருந்தால் கால் தானாகக் கடைக்குப் போகும்.

போனுக்கும் விதி உண்டு. சிவப்பு மைக்கு மட்டும் கூப்பிடலாம். அந்த முதல் புதன் ஏழு தடவை அடித்தது, அதில் ஐந்து "அது எங்க வெச்சிருக்க" என்பதற்காக. அடுத்த நாளே அலமாரித் தட்டுகளில் சீட்டு எழுதி ஒட்டினேன்.

எங்கே போவது? காசு செலவில்லாமல் ஒரு பெண் தனியாக ரொம்ப நேரம் உட்கார ஊரில் இடம் குறைவு என்பது உண்மை. டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, அதை வைத்துத் தேடினேன். சுகவனேசுவரர் கோயில் பிரகாரம் நடைசாத்தும் வரை நன்றாக இருக்கும். மாவட்ட மைய நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே வாரப் பத்திரிகை படிக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அண்ணா பூங்கா. எனக்குப் பிடித்தது கன்னங்குறிச்சி மூக்கனேரி. குப்பை சேர்ந்து கிடந்த ஏரியை ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை உள்ளேயே குவித்துத் தீவு தீவாக ஆக்கி மரம் நட்டார்கள். இப்போது அந்தத் தீவுகளில் பறவைகள் அடைகின்றன. எதிரே சேர்வராயன் மலை.

அங்கே போன இரண்டாவது புதன், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் யாரோ டம்ளரைக் கம்பியில் தட்டினார்கள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். கடைக்காரர் "என்னக்கா?" என்றார். ஒன்றுமில்லை என்று மறுபடி உட்கார்ந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் சில வாரம் அந்த நேரம் உங்களுக்கு இன்பமாக இருக்காது. தவிப்பாக, வெறுமையாக, திருடிய நேரம் மாதிரி இருக்கும். "இது எனக்கு ஒத்துவரல" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். என் காது இறங்க ஆறு புதன் ஆனது. ஏழாவது புதன் 3 மணியைத் தாண்டிவிட்டேன் என்பதே வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆறாம் படி: பழைய கையைத் தேடுங்கள்

நேரம் கிடைத்த பிறகு, அதில் யாராக இருப்பது என்ற கேள்வி வரும். யோசித்து விடை தேடாதீர்கள். உங்கள் கைக்கு முன்பு என்ன பழக்கம் இருந்தது என்று பாருங்கள். கோலம், பாட்டு, செடி, சைக்கிள், கணக்கு, எதுவானாலும் சரி.

என் தையல் மிஷின் மாத்திரை மேஜையாகியிருந்தது. மேலே டெட்டால், பஞ்சு, டயப்பர் கட்டு, பிபி பார்க்கிற கருவி. முதல் வேலையாக அதையெல்லாம் பக்கத்தில் ஒரு ஸ்டூலுக்கு மாற்றினேன். மூடியைத் திறந்தால் பெல்ட் காய்ந்து வெடித்திருந்தது. பாபினில் கடைசியாகப் போட்ட மெரூன் நூல் அப்படியே இருந்தது. யாருடைய ப்ளவுஸுக்குச் சுற்றியது என்று நினைவில்லை. எண்ணெய் விட்டு, பழைய துணியில் இரண்டு முழம் வெறும் தையல் ஓட்டினேன். முதல் நேர்கோடு கோணியது. நாலாவது நேராக வந்தது.

பிறகு எனக்கே எனக்கு ஒரு ப்ளவுஸ் வெட்டலாம் என்று பழைய அளவு ப்ளவுஸை எடுத்தால், கையே நுழையவில்லை. டேப்பை எடுத்து என் அளவை நானே எடுத்தேன். 20 வருடம் ஊரார் அளவை எழுதியவள், என் அளவை எடுத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைச்சுற்று ஒரு இன்ச் கூடியிருந்தது. அத்தையைத் தூக்கித் தூக்கி வந்த ஒரு இன்ச். அதை நோட்டில் என் பெயர் போட்டு எழுதினேன்.

ஒரு எச்சரிக்கை. மிஷின் சத்தம் கேட்டதும் தெருவில், "மறுபடி தெக்கிறியா? ரெண்டு ப்ளவுஸ் இருக்கு" என்று வருவார்கள். முதல் ஆறு மாதம் யாருக்கும் தைத்துத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பணம் தேவை இருந்தது, இருந்தும் சொன்னேன். அந்த நேரம் இன்னொருவருக்குச் செய்கிற வேலையாக மாறிவிட்டால், மறுபடி முதல் படிக்கு வந்து நிற்போம். ஆறு மாதம் கழித்து மாதம் பத்து ப்ளவுஸ் மட்டும் எடுக்கிறேன். அது என் பெயரில் உள்ள கணக்கில் போகிறது.

சின்ன வயதிலிருந்தே யாரையாவது பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்குப் பழைய கை என்று ஒன்று இருக்காது. அவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டி ஓட்டுவது ஆனாலும் சரி. தெரியாததில் தட்டுத்தடுமாறும்போது, யாருக்கும் பொறுப்பில்லாத ஒரு ஆளாக நாம் ஆகிவிடுகிறோம்.

ஏழாம் படி: அரசு தருவதைக் கேட்டு வாங்குங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். இந்த அலைச்சலை நீங்கள் சுமக்காதீர்கள். "முறை" கேட்டீர்களே, வர முடியாத ஒருவருக்கு இதைக் கொடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் உங்கள் வயதையும் சொல்லி.

எட்டாம் படி: கோபம் வரும் ராத்திரிக்கு

மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி, நாலாவது தடவையாகத் துணி மாற்றியபோது அத்தை மறுபடி தட்டினார். டம்ளரைப் பிடுங்கி மூலையில் வீசினேன். அவர் முகத்தில் வந்த பயத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. காலையில் அவர் காலைப் பிடித்து மன்னிப்பு கேட்டேன். "நீயும் மனுசிதான் கண்ணு" என்றார்.

இப்படி ஒரு ராத்திரி எல்லாருக்கும் வரும், முன்கூட்டியே திட்டம் இருக்கட்டும். கை ஓங்குகிறது என்று தெரிந்த கணம், அவர் பாதுகாப்பாகப் படுத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம் ஈரத்தில் கிடந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் வேறு ஆள் இருந்தால் எழுப்புங்கள், எத்தனை மணியானாலும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்தே இருந்தாலோ, அவர் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, "போயிச் சேர்ந்துட்டா தேவலை" என்று அவரைப் பற்றியோ உங்களைப் பற்றியோ நினைப்பு வந்தாலோ, 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ராத்திரி 2 மணிக்கு நான் பேசியிருக்கிறேன்.

ஒன்பதாம் படி: அவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்

இதைக் கடைசியில் கற்றுக்கொண்டேன், முதலிலேயே செய்திருக்க வேண்டும். முதல் சில புதன், அத்தை தூங்கும்போது ஓசையில்லாமல் நழுவிப் போனேன். அவர் விழித்து, ஆள் இல்லாமல் பயந்து, விடாமல் தட்டியிருக்கிறார். அதன் பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, "அத்தை, நான் எனக்காக வெளிய போறேன், மூணு மணிக்கு வந்துருவேன், அண்ணி இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். "எனக்காக" என்ற சொல்லை வாயால் சொல்வது முதலில் கூச்சமாக இருந்தது. "ஆஸ்பத்திரி", "பேங்க்" என்று பொய் சொல்லவே வந்தது. பொய் வேண்டாம். அவருக்கும் புரியும்.

திரும்பி வந்ததும் எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று சொல்லுங்கள். மாத்திரை, சாப்பாடு, வயிறு தவிர வேறு பேச்சே இல்லாமல் எங்களுக்குள் இரண்டு வருடம் ஓடிப்போயிருந்தது. அத்தை 40 வருடம் கைத்தறி நெய்தவர், பாவு என்கிற நீள நூலிலும் ஊடை என்கிற குறுக்கு நூலிலும் பழகிய கை. நான் அதையே மறந்துவிட்டிருந்தேன்.

போன மாதம் ஒரு புதன் நான் மூக்கனேரிக்குப் போகவில்லை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தேன், பெல் நாத்தனாரிடம் இருந்தது. 3 மணிக்குக் கதவைத் திறந்தபோது டம்ளர் இரண்டு தட்டு. நாத்தனார் எழுந்து போனார். "உன்னையத்தான் கூப்பிடுறாங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன தெச்ச? கொண்டா பாப்போம்" என்றார் அத்தை.

பாதி முடிந்த ப்ளவுஸைக் கொடுத்தேன். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"பாவு நல்லாத்தான் இருக்கு. ஊடைதான் நெருக்கமில்ல" என்றார். "வெளுத்தா சுருங்கும். பிரிச்சுட்டு, அரை இன்ச் விட்டுத் தை."